சிவப்பு மட்டை

எங்கள் கட்டடத்தில் இரண்டு லிஃப்ற். இரண்டும் ஒன்றாக வேலை செய்த நாட்களை விரல்விட்டு எண்ணலாம். மோர்னிங்சைட் றோட்டில் பதினாலு மாடிக் கட்டடம். நான் ஏழாம் மாடி, ஸ்ரீதரன் பதினோராம் மாடி. ஆறு வருடம் அந்த மனிதன் பதினொரு மாடியையும் படியால் ஏறினான். மரக்கறிப் பையோடு ஏறினான், பனிச் சப்பாத்தோடு ஏறினான், முழங்கால் வீங்கிய நாளிலும் கைபிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினான். சனங்கள் அதை உடற்பயிற்சி என்று நினைத்தார்கள். "கறண்ட் அண்ணைக்குத் தொந்தி வைக்காது" என்று பகிடி விட்டார்கள். உடற்பயிற்சியாவது மண்ணாங்கட்டியாவது! லிஃப்ற்றுக்குள் எங்கள் முகத்தைப் பார்க்க வேண்டி வரும் என்றுதான் அவன் ஏறினான். அது எனக்கும் என் மகள் துர்க்காவுக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும்.

என் பெயர் இராஜேஸ்வரி. எனக்கு இதமாகக் கதைக்க வராது. வந்திருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரிப் போயிருக்கும். ஸ்ரீதரனைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். என்னை விட்டுவிட்டு அவனைச் சொல்லலாமா என்று யோசித்துப் பார்த்தேன், முடியவில்லை.

ஊரில் நாங்கள் மூன்று பேரும் ஒரே பவர் ஹவுஸில் வேலை. டீசல் எஞ்சின்களை ஓட்டி மின்சாரம் எடுக்கும் இடம். மலைநாட்டுத் தண்ணீரில் எடுத்த மின்சாரம் தெற்கிலிருந்து நெடுங்கம்பியில் வரும். யுத்தம் தொடங்கி அது அறுந்தறுந்து வரத் தொடங்கிய பிறகு எங்கள் பக்கத்து வெளிச்சமெல்லாம் அந்தக் கிழட்டு எஞ்சின்களின் தயவுதான். ஸ்ரீதரன் சுவிச்போர்ட் ஒப்பறேற்றர். எந்தப் பக்கத்துக்கு எத்தனை மணிக்குக் கறண்ட் போடுவது, எப்போது நிறுத்துவது என்பது அவன் கையில். என் கணவர் தில்லையம்பலம் லைன்மன், கம்பத்தில் ஏறிக் கம்பி திருத்துபவர். நான் நேரப்பதிவு இலிகிதர். யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார், எந்த வேலையில் நின்றார் என்று எழுதுவது என் வேலை. என் புத்தகத்தில் ஒரு நிமிடம் பிழைத்ததென்று ஒருவனும் சொன்னதில்லை.

1986 ஆவணியில் ஸ்ரீதரன் ஒரு சுவிச்சைப் போட்டான். அந்த லைனின் கம்பத்தில் அப்போது என் கணவர் நின்றார். துர்க்காவுக்கு எட்டு வயது.

இந்த அளவுதான் ஊருக்குத் தெரிந்த கதை. கனடாவுக்கு நான் கொண்டுவந்த கதையும் இந்த அளவுதான். நான் 89இல் பிள்ளையோடு வந்தேன். அவன் 92இல் மனைவி புனிதவதியோடும் மூன்று பிள்ளைகளோடும் வந்து, இத்தனை பெரிய ரொறொன்ரோவில் வேறு இடம் கிடைக்காமல், என் தலைக்கு மேல் நாலு மாடியில் குடியேறினான். யாரோ தெரிந்த ஆள் பிடித்துக் கொடுத்த வீடு. எங்கள் சனம் ஒரு கட்டடத்தில் ஒருவர் புகுந்தால் ஊரே புகும்; ஓடி ஒளிய இடமில்லை.

வந்த முதல் கிழமையே லிஃப்ற்றில் கண்டுவிட்டான். கதவு திறந்தது, உள்ளே நானும் துர்க்காவும். அவன் ஏறின பிறகுதான் எங்களைப் பார்த்தான். "அக்கா..." என்று தொடங்கினான். துர்க்காவுக்கு அப்போது பதினாலு. அவள் அவனை நிமிர்ந்து பார்த்து, இங்கிலிஷில், நல்ல பலத்த குரலில், "மேர்டரர்" என்றாள், கொலைகாரன் என்று. உள்ளே எங்களைத் தெரியாத ஆட்களும் நின்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. லிஃப்ற் இரண்டாம் மாடியில் நின்றது. அவன் இறங்கிப் போனான். அதற்குப் பிறகு அவன் அந்தக் கட்டடத்தில் லிஃப்ற் ஏறவில்லை.

ஆனால் மற்றவர்களோடு அவன் நல்ல கலகலப்பான ஆள்தான். மின்சாரம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், பிடித்துக்கொள்வான்; 'கறண்ட் அண்ணை' என்ற பட்டம் அப்படி வந்ததுதான். ஒரு கோடையில் கட்டடத்துச் சனங்கள் எல்லாம் சேர்ந்து ரூஜ் பக்கம், ஆறு ஏரியில் விழும் இடத்துக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போனோம். அங்கிருந்து பார்த்தால் கிழக்கே பிக்கறிங் அணுமின் நிலையம் தெரியும். நான் ஒதுங்கி மரத்தடியில் இருந்தேன். காற்று அவன் சொன்னதையெல்லாம் எனக்குக் கொண்டுவந்தது.

"உந்தக் கவிட்ட முட்டியள் எட்டும் தெரியுதோ பிள்ளையள்? ஒவ்வொண்டுக்குள்ளையும் ஒரு அடுப்பு. விறகில்லை, எண்ணெயில்லை. தண்ணியைக் கொதிக்க வைக்கிறதுதான் வேலை. ஆவி போய்ச் சில்லைச் சுத்தும். நிலக்கரிக்காரனும் அதைத்தான் செய்யிறான். எல்லாம் கேத்தில்தான்! நயாகராவிலைதான் கேத்தில் இல்லை, அங்கை தண்ணி விழுந்து சுத்துது."

"அப்ப ஊரிலை, அங்கிள்?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

"எங்களுக்கும் கேத்தில் இல்லை. லொறி எஞ்சின் மாதிரி, ஆனா வீட்டளவு" என்று சொல்லிவிட்டு, திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டான். நான் இருப்பது கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட ஆள் இங்கே செய்த வேலை என்ன? ஒரு காகித ஆலையில் நிலம் கூட்டுவது. அந்த ஆலைக்குச் சொந்தமாக ஒரு சின்ன மின்நிலையம் இருந்தது; கொதிகலனும் நீராவியில் சுற்றும் சுழலியுமாக. அதற்குள்தான் அவனுக்கு விளக்குமாறு. ஒரு சுவிச்சிலும் விரல் வைக்கக்கூடாது. கூட்டிக்கொண்டே மீட்டர்களை ஒவ்வொன்றாக வாசிப்பானாம். புனிதவதி கட்டடத்துப் பெண்களிடம் சொல்லி அழுதிருக்கிறாள்: "சாப்பாட்டுக் கடைக்கு வெளியிலை நிண்டு மணக்கிற மாதிரி நிக்கிறார்." அதைக் கேட்டபோது எனக்கு ஒரு கெட்ட சந்தோசம் வந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

97 ஆவணியில், ஒன்ராறியோவில் ஏழு அணு உலைகளை நிறுத்தப் போகிறார்கள் என்று ரீவியில் சொன்னார்கள். கீழே தபால் பெட்டியடியில் நின்று ஸ்ரீதரன் அதை ஒரு பிரசங்கமே செய்தான். "ஏழு உலையை நிப்பாட்டினா நிலக்கரியைத்தான் கூட எரிப்பாங்கள். எங்கட ஆலைக்காரனும் தன்ர சுழலியை இரவு பகலா ஓட்டப் போறானாம்." அதுதான் அவனுக்குக் கதவு திறந்த இடம். ஆலையில் அவனுக்கு மேலே இருந்தவர் ஒரு போலந்துக்காரர். கூட்டுகிற மனிதன் ஒருநாள் வந்து, ஒரு பம்பின் சத்தம் சரியில்லை என்று சொல்ல, கழற்றிப் பார்த்தால் உண்மையாம். அன்றிலிருந்து அவருக்கு ஸ்ரீதரனில் ஒரு கண். "சித்திரையில் ஒருவர் ஓய்வு பெறுகிறார். பங்குனி கடைசியில் சோதனை இருக்கிறது. லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வா, சுவிச்போர்ட்டில் விடுகிறேன். இல்லாவிட்டால் வெளியாள் எடுக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டார்.

சோதனைக்கு இருப்பதென்றால் முன்பு செய்த வேலைக்கு அத்தாட்சி வேண்டும். எத்தனை வருடம், எத்தனை மணித்தியாலம், எந்தப் பொறுப்பு. கொழும்புக்கு எழுதினான், பழைய பதிவுகள் கைவசம் இல்லை என்று பதில் வந்தது. எங்கள் பெரிய எஞ்சினியர் செத்துப் போனார். மற்றவர்கள் எங்கெங்கோ. கடைசியில் லைசென்ஸ் அலுவலகத்தில் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார்கள். அதே இடத்தில் வேலை செய்த, அவனுடைய நேரக்கணக்குத் தெரிந்த ஒருவர், சட்டத்தரணி முன்னால் சத்தியக்கடதாசி கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்களாம்.

இந்த நாட்டில் அப்படி ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். ஏழாம் மாடியில் இருந்தாள்.

அவன் வரவில்லை. புனிதவதிதான் வந்தாள். மாசி மாதம், பகல், எனக்கு வேலை இல்லாத நாள். கதவைத் திறந்தால், ஒரு கடுதாசி உறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"அக்கா, உள்ளுக்கை வரலாமோ?"

"அதிலையே நிண்டு சொல்லும்."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். நான் நிலையில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டேன். கடைசியில், "நான் வந்தது அவருக்குத் தெரியாது அக்கா. தெரிஞ்சா என்னைக் கொண்டுபோடுவார்" என்றாள்.

"ஏன், கொல்லுறது அவருக்குப் புதுசோ?" என்றேன்.

அவள் முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்கவில்லை. உறையைக் கீழே, என் கால்மிதியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் கதவை அடித்துச் சாத்தினேன்.  கோபத்தில் சாத்தவில்லை, பயத்தில் சாத்தினேன்.

இனி உள்ளதைச் சொல்கிறேன்.

எங்கள் பவர் ஹவுஸில் ஒரு சட்டம். லைனில் ஆள் ஏறுமுன் சுவிச்சை நிறுத்தி, அதன் கைபிடியில் ஒரு சிவப்பு மட்டையைத் தொங்கவிடுவார்கள். அந்த அட்டையில் கம்பத்தில் ஏறுகிறவரின் பெயர் இருக்கும். வேலை முடிந்து அந்த ஆளே வந்து தன் கையால் கழற்றும் வரைக்கும், கடவுள் வந்து கேட்டாலும் சுவிச்சைத் தொடக்கூடாது. சட்டம் அப்படி. ஆனால் அந்தக் காலத்தில் எண்ணெயே ஒழுங்காக வராது, மட்டை எங்கே வரும்? ஆளுக்கு ஒரு மட்டை என்பது போய், லைனுக்கு ஒரு மட்டை என்றாகிவிட்டது. ஆள் நேரே வந்து கழற்றுவதும் போய்விட்டது. நாலு மைல் சைக்கிள் மிதித்து யார் வருவது? பக்கத்துக் கடையிலிருந்து போன் பண்ணுவார்கள், ஒப்பறேற்றர் கழற்றிவிட்டுப் போடுவான். எல்லாருக்கும் தெரிந்த பிழை, எல்லாரும் செய்த பிழை.

அன்றைக்குக் கோயிலில் தேர். ஆறு மணிக்கு முன்னம் வெளிச்சம் வேண்டும் என்று கோயில்காரர் மத்தியானத்திலிருந்து போனிலேயே நின்றார்கள். லைனில் இரண்டு இடத்தில் பழுது. என் மனுசன் கோயில் சந்தியில், இன்னொரு லைன்மன் சந்தையடியில். ஒரே மட்டையில் இரண்டு பெயரும் எழுதியிருந்தது. சுவிச்போர்ட் அறையில் போன் பழுதாகி ஒரு மாதம். எந்தச் செய்தி வந்தாலும் என் மேசைக்கு வரும், நான் முற்றத்தைக் கடந்து ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்.

ஐந்தே முக்காலுக்கு ஒரு போன். "அக்கா, இஞ்சை வேலை முடிஞ்சுது. போடச் சொல்லுங்கோ." பின்னால் சனச் சத்தம். இவரோடு நின்ற பொடியன்தான் என்று நினைத்தேன். யார் கதைக்கிறது, எந்த இடம் என்று கேட்க எத்தனை விநாடி? நிமிடக் கணக்கு எழுதுகிற பெரிய மனுசி, கேட்கவில்லை. ஓடினேன்.

"ஸ்ரீ, முடிஞ்சுதாம். போடு."

அவன் மட்டையில் கை வைத்துவிட்டுத் திரும்பினான். "ரெண்டு பேருமோ அக்கா?"

"ஓம், ஓம். போடு! கோயில்காரர் என்ரை காதைத் திண்டுபோட்டினம்."

போட்டான். போனில் பேசியது சந்தையடிக்காரர்.

விசாரணை வைத்தார்கள். என்னையும் கூப்பிட்டு இருத்தினார்கள், வெள்ளைச் சேலையோடு. அவனிடம் கேட்டார்கள்: "மட்டையைக் கழற்றச் சொன்னது யார்?" நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஆர் சொன்னா என்ன? நான்தான் கழட்டினன்" என்றான். அவ்வளவுதான். எட்டு மாதம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். திரும்ப எடுத்தபோது சுவிச்போர்ட்டில் விடவில்லை, எண்ணெய்த் தாங்கி அளக்க விட்டார்கள். என் வேலை எனக்கு இருந்தது. என் மகளுக்குச் சோறு இருந்தது. அவன் அன்றைக்கு என் பெயரைச் சொல்லியிருந்தால் எனக்கு ஒன்றும் மிஞ்சியிராது.

அவனை நான் வெறுத்தது அதற்காகத்தான். கையெடுத்துக் கும்பிட வேண்டிய மனிதனை வேறு என்ன செய்வது? அவனைக் காணும்போதெல்லாம், "ரெண்டு பேருமோ அக்கா?" என்றுதான் காதில் கேட்கும். ஆகவே பிள்ளைக்கு வேறு கதை சொன்னேன். சொல்லச் சொல்ல அதுவே எனக்கும் உண்மைபோல் ஆனது. பிறகு அதற்குள்ளிருந்து வெளியே வர வழி தெரியவில்லை.

உறைக்குள் இருந்த படிவத்தை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் எனக்குத் தெரிந்த கேள்விகள். ஆறாவது கேள்வியில்தான் கண் நின்றது: இடையில் வேலை தடைப்பட்டதா? எத்தனை மாதம்? காரணம் என்ன? உறையைக் கொண்டுபோய்த் தேங்காய்ப்பூப் பேணிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

பத்து நாள் கழிந்தது. மாசி கடைசியில் கோதாரி விழுந்த லிஃப்ற் இரண்டும் நின்றுவிட்டன. வேலை முடிந்து வந்து, சப்பாத்து ஈரத்தோடு படியால் ஏறினேன். ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவில், அந்த மஞ்சள் விளக்கின் கீழ், ஸ்ரீதரன் படியில் இருந்து வாசித்துக்கொண்டிருந்தான். வீட்டில் மூன்று பிள்ளைகள், ரீவி, வாடகைக்கு இருக்கும் இரண்டு பேர். படிக்கட்டுத்தான் அவனுக்கு வாசிகசாலை. அத்தாட்சிக்கு வழியே இல்லாமல் சோதனைக்குப் படிக்கிறான், விசரன்! என்னைக் கண்டதும் பதறி எழும்பி, முதுகைச் சுவரோடு ஒட்டி, நான் போக வழி விட்டான். அந்தப் பதற்றத்தில் புத்தகம் கை நழுவி என் காலடியில் விழுந்தது.

குனிந்து எடுத்தேன். விரிந்திருந்த பக்கத்தில் சுவிச்சின் படம், அதில் தொங்கும் மட்டையின் படம். ஓரத்தில் பென்சிலால், தமிழில் எழுதியிருந்தான்: "தில்லையம்பலம் அண்ணை. ஆவணி 86." அதன் கீழே கோடு.

என் மனுசனின் பெயரை வேறொருவர் கையெழுத்தில் பார்த்துப் பன்னிரண்டு வருடம். நான்கூட எழுதியதில்லை. புத்தகத்தை அவன் கையில் கொடுத்தேன். "தாங்ஸ் அக்கா" என்றான், மிக மெதுவாக. 

அடுத்த நாள் சனிக்கிழமை. காலையில் துர்க்காவைச் சாப்பாட்டு மேசையில் இருத்தினேன். அவளுக்கு இருபது வயது, யூனிவேர்சிற்றியில் இரண்டாம் வருடம். என் இங்கிலிஷ் படிவத்துக்குப் போதாது. எழுத அவளை விட்டால் ஆள் இல்லை.

"ஆருக்கு அம்மா இது?" பெயரைப் பார்த்துவிட்டுப் பேனாவை மேசையில் வைத்தாள். "அந்தாளுக்கோ? ஆர் யூ கிறேஸி? நான் எழுத மாட்டன்."

"எழுது."

"அப்பாவை—"

"எழுது எண்டு சொன்னன்! பேந்து கேள்."

முகத்தை இறுக்கிக்கொண்டு எழுதினாள். வேலைக்குச் சேர்ந்த திகதி சொன்னேன், வருடங்கள் சொன்னேன், மணித்தியாலங்கள் சொன்னேன். எல்லாம் மனதில் இருந்தது, ஒன்றும் அழியவில்லை. ஆறாவது கேள்வி வந்தது.

"எட்டு மாசம்" என்றேன்.

"ரீசன்?"

தண்ணீர் ஒரு மிடறு குடித்தேன். பிறகு சொன்னேன். போன் வந்தது, யாரென்று நான் கேட்காதது, முற்றத்தைக் கடந்து ஓடியது. "ரெண்டு பேருமோ எண்டு அவர் கேட்டார். நான் ஓம் எண்டு சொன்னன். நான் சொன்னபடியாத்தான் போட்டவர். விசாரணையிலை என்ரை பேரைச் சொல்லேல்லை. இதையும் எழுது."

பேனா நின்றுவிட்டது. துர்க்கா என்னைப் பார்க்கவில்லை, கடுதாசியைத்தான் பார்த்தாள்.

"யூ நியூ" என்றாள். "அண்டைக்கு லிஃப்ற்றுக்குள்ளை நான் அப்பிடிச் சொல்லேக்கை உங்களுக்குத் தெரியும். பக்கத்திலை நிண்டனீங்கள்."

"ஓம்."

"நான் ஒரு சின்னப் பிள்ளை, அம்மா."

 அவள் அழவில்லை. குனிந்து, ஒரு சொல் விடாமல் எழுதினாள். எழுதி முடித்துக் கடுதாசியை என் பக்கம் தள்ளிவிட்டு எழும்பிப் போனாள். அன்றிலிருந்து என்னோடு கதைக்கவில்லை. பால் முடிந்துவிட்டது, பாண் வேண்டும், வரச் சுணங்கும், எல்லாம் ஃபிரிட்ஜ் கதவில் துண்டுக் கடுதாசியாக வந்தது. இரண்டு அறை வீட்டில் இரண்டு பேர் கதைக்காமல் இருந்து பாருங்கள், சுவர் எவ்வளவு கிட்ட வருகிறது என்று தெரியும்.

திங்கள் காலை சட்டத்தரணி முன்னால் சத்தியம் செய்து கையெழுத்து வைத்தேன். பின்னேரம் பதினோராம் மாடிக்குப் போனேன். புனிதவதி கதவைத் திறந்தாள். "உள்ளுக்கை வரலாமோ?" என்று இந்த முறை நான் கேட்டேன். அவள் விலகி வழி விட்டாள். என்னைவிட நல்லவள்.

ஸ்ரீதரன் கடுதாசியை நின்றபடி வாசித்தான். ஆறாவது இடத்துக்கு வந்ததும் கதிரையில் இருந்துவிட்டான்.

"இது ஏன் அக்கா எழுதினீங்கள்?"

"உள்ளது அதுதானே. நீர் என்னைக் காப்பாத்தினதுக்கு..."

"நான் உங்களைக் காப்பாத்தேல்லை, அக்கா."

கடுதாசியை மேசையில் வைத்துவிட்டு அவனே தொடர்ந்தான்.

"நான் உங்களிட்டைக் கேட்டதே பிழை. மட்டையிலை இருந்தது உங்கட பேரில்லை. ஆள் வராமல் கழட்டக்கூடாது எண்டு எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியவேண்டிய அவசியமில்லை. ஆர் சொன்னதெண்டு அவை கேட்டினம். ஆர் சொன்னாலும் கழட்டினது என்ரை கை. அதைத்தான் சொன்னன். உங்களுக்காக ஒண்டும் செய்யேல்லை."

பன்னிரண்டு வருடம் ஒரு மனிதனை, எனக்காக மறைத்தான் என்று வெறுத்தேன். அவன் எனக்காக ஒன்றும் மறைக்கவில்லையாம். தன் கணக்கை மட்டும் சொல்லியிருக்கிறான். என் கணக்கை எனக்கென்று விட்டுவைத்திருக்கிறான்.  புனிதவதி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். நான் அழுததை அவள் காணாத மாதிரி நின்றாள்.

"இந்தப் பந்தி தேவையில்லை அக்கா. தொழிற்பிழை எண்டு போட்டாலே காணும். வெட்டிவிடட்டோ?" என்று கேட்டான்.

"வெட்டினா உம்மட கையை முறிப்பன்" என்றேன். அவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பைப் பவர் ஹவுஸில் கண்ட பிறகு இப்போதுதான் கண்டேன்.

அத்தாட்சியை ஏற்றுக்கொண்டார்கள். சோதனை எழுதினான், பாஸ் பண்ணினான். சித்திரையில் போலந்துக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். இதெல்லாம் எனக்குக் கட்டடத்துப் பெண்கள் சொல்லித்தான் தெரியும். அவன் இன்னும் படியால்தான் ஏறினான். பழக்கமோ, பயமோ. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவிலும் துண்டுகள் கூடிக்கொண்டே போயின.

சித்திரை கடைசியில் ஒரு பின்னேரம். நானும் துர்க்காவும் தற்செயலாக ஒரே லிஃப்ற்றில். அவள் ஒரு மூலை, நான் ஒரு மூலை. கதவு மூடப்போகிற நேரம் ஸ்ரீதரன் வெளிவாசலால் வந்தான். புது நீலச் சேர்ட், தோளில் பை. எங்களைக் கண்டான், கால் தானாகப் படிக்கட்டுப் பக்கம் திரும்பியது. துர்க்கா சட்டென்று கையை நீட்டிக் கதவை மறித்தாள்.

"அங்கிள், வாங்கோ."

அவன் தயங்கினான். கதவு அவள் கையில் இடித்துத் திறந்தது, திரும்ப இடித்தது.

"பிளீஸ், அங்கிள். நான் அப்ப சொன்னதுக்கு... சொறி. வாங்கோ."

ஏறினான். கதவு மூடியது. மூன்று பேருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கடைசியில் அவன் பைக்குள் கை விட்டு எதையோ எடுத்து, துர்க்காவிடம் நீட்டினான். ஒரு சிவப்புப் பூட்டு. அதில் கட்டியிருந்த சிவப்பு மட்டையில் அவன் பெயர், இங்கிலிஷில்.

"இண்டைக்குத்தான் தந்தவங்கள். இஞ்சை ஒவ்வொருத்தருக்கும் தனித்தனிப் பூட்டு, பிள்ளை. பத்துப் பேர் வேலை செய்தா சுவிச்சிலை பத்துப் பூட்டு. அவனவன்தான் திறக்கவேணும். ஒவ்வொண்டுக்கும் ஒரு திறப்புத்தான், அதுவும் பூட்டினவன்ரை பொக்கற்றிலை."

துர்க்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என் கையில் வைத்தாள். சின்னப் பூட்டுத்தான், பாரமாக இருந்தது.

"போன் பண்ணித் திறக்கச் சொன்னா?" என்று கேட்டேன். 

"திறக்க ஏலாது அக்கா. ஆர் சொன்னாலும் ஏலாது."

ஒரு மட்டை, அக்கா. இன்னும் ஒரே ஒரு மட்டை இருந்திருந்தால்! அதை அவன் சொல்லவில்லை. எனக்குத்தான் கேட்டது. பூட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். லிஃப்ற் நின்றது தெரியவில்லை, கதவு திறந்தது தெரியவில்லை. யாரோ என் முழங்கையைப் பிடித்தார்கள்.

"அம்மா, ஏழு வந்திட்டுது. பூட்டை அங்கிளிட்டைக் குடுத்திட்டு இறங்குங்கோ" என்றாள் துர்க்கா.

எட்டுக் கிழமைக்குப் பிறகு அவள் என்னோடு கதைத்தது அதுதான் முதல்தரம்.